பழைய ஆடியோ கருவிகளுக்குப் புதிய ரிமோட்

1980களிலும் 1990களிலும் வெளிவந்த உயர்தர சிடி பிளேயர்களும் ஆம்ப்ளிஃபயர்களும் எளிதில் ஓய்வதில்லை. வற்றிய மின்தேக்கிகளை மாற்றி, தளர்ந்த பெல்ட்டைப் புதுப்பித்து, லேசர் வில்லையைத் துடைத்துவிட்டால் பல கருவிகள் மீண்டும் பழைய தரத்தில் பாடும். அவற்றோடு வந்த ரிமோட்டுகளின் ஆயுள் அப்படிப்பட்டதல்ல. பேட்டரி கசிந்து உள்ளிருக்கும் தகடுகளை அரிக்கிறது. ரப்பர் பொத்தானின் அடியிலுள்ள கரிப்பூச்சு தேய்கிறது. ஒருமுறை கீழே விழுந்தால், கடிகாரத் துடிப்பைத் தரும் பீங்கான் ஒத்ததிர்வி உடைகிறது. கருவி கைமாறும்போது ரிமோட் மட்டும் எங்கோ தங்கிவிடுகிறது.

ரிமோட் இல்லாவிட்டால் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தலாமே என்று தோன்றும். உயர்தரக் கருவிகளில் பல நேரங்களில் அதற்கு வழியில்லை. முகப்பை எளிமையாக வைக்க விரும்பிய நிறுவனங்கள் பாடல் எண்ணை நேரடியாகத் தேர்வது, பாடல்களை வரிசைப்படுத்தி வைப்பது, காட்சித் திரையை மாற்றுவது போன்ற வசதிகளை ரிமோட்டில் மட்டுமே கொடுத்தன. ரிமோட் தொலைந்தால் கருவியின் ஒரு பகுதியே தொலைந்ததாகிறது. அசல் ரிமோட் கிடைத்தாலும் விலை கடுமையாக இருக்கும். அதுவும் முதுமையடைந்த பொருள்தான். அதனால் பெரும்பாலோர் நாடுவது யுனிவர்சல் ரிமோட்டை. அதைப் பழைய கருவிக்கு ஏற்ப நிரலாக்க, ரிமோட்டுக்கும் கருவிக்கும் இடையே நடப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒளியில் செல்லும் கட்டளை

வீட்டுக் கருவிகளுக்கான தொடக்ககால ரிமோட்டுகள் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தவில்லை. அமெரிக்காவின் செனித் நிறுவனத்துக்காக யூஜின் பாலி 1955இல் உருவாக்கிய ஃபிளாஷ்-மேட்டிக், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கற்றையால் தொலைக்காட்சியை இயக்கியது. வெயில் பட்டாலும் அது தானாக இயங்கிவிடும் என்பது அதன் குறை. 1956இல் அதே நிறுவனத்தின் ராபர்ட் அட்லர் மீயொலியைப் பயன்படுத்தும் ஸ்பேஸ் கமாண்டைக் கொண்டுவந்தார். பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டும்; தண்டு மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும். கால் நூற்றாண்டு காலம் மீயொலிக்கே முதலிடம். 1980களின் தொடக்கத்தில் அகச்சிவப்பு எல்இடி அந்த இடத்தைப் பிடித்தது. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி சிடிபி-101 சிடி பிளேயர், அகச்சிவப்பு ரிமோட்டுடனேயே வந்தது.

ரிமோட்டின் நுனியிலுள்ள எல்இடி பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒளியைச் சிலிக்கான் ஒளி டையோடு நன்றாக உணர்கிறது. வளிமண்டல நீராவி சூரிய ஒளியின் இந்தப் பகுதியைக் கணிசமாக உறிஞ்சிவிடுவதால், பகல் வெளிச்சத்தின் தொல்லையும் இங்கே சற்றுக் குறைவு. ஆனாலும் அறையில் அகச்சிவப்பு ஒளிக்குப் பஞ்சமில்லை. வெயில், குண்டு பல்பு, மனித உடல் என எல்லாமே அதை உமிழ்கின்றன. இத்தனைக்கும் நடுவே ரிமோட்டின் ஒளியைக் கருவி பிரித்தறிவதற்குக் காரணம் அந்த ஒளியின் துடிப்பு. எல்இடி எரியும்போது தொடர்ச்சியாக எரிவதில்லை. பெரும்பாலும் விநாடிக்கு 36,000 முதல் 40,000 முறை எரிந்து அணைகிறது. இந்தத் துடிப்பே ஊர்தி அலை. கருவியின் ஏற்பி தனக்குரிய அதிர்வெண்ணில் துடிக்கும் ஒளியை மட்டும் ஏற்று, மற்றதை வடிகட்டிவிடுகிறது.

ஊர்தி அலை தானாகச் செய்தி எதையும் சொல்வதில்லை. அதைச் சிறு கொத்துகளாக வெட்டி, இடையிடையே இடைவெளி விடும்போதுதான் செய்தி உருவாகிறது. கொத்துகளின் நீளமோ இடைவெளிகளின் நீளமோ 0, 1 என்ற இரும எண்களை, அதாவது பிட்டுகளை, குறிக்கிறது. அந்த எண்களின் ஒரு பகுதி எந்தக் கருவிக்கான செய்தி என்கிறது, அது முகவரி. மறுபகுதி என்ன செய்ய வேண்டும் என்கிறது; அது கட்டளை. ஆகவே எந்தப் பழைய கருவியானாலும் அதன் ரிமோட்டைப் பற்றித் தெரிய வேண்டியவை நான்கே: ஊர்தி அலையின் அதிர்வெண், 0-வையும் 1-ஐயும் எழுதும் நெறிமுறை, கருவியின் முகவரி, பொத்தானுக்குரிய கட்டளை எண். இந்த நான்கும் கையில் இருந்தால் அசல் ரிமோட் இல்லாமலே அதன் வேலையை முழுமையாகச் செய்ய முடியும்.

சில நெறிமுறைகள், பல நிறுவனங்கள்

ஆடியோ நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் நெறிமுறைகள் அத்தனை இல்லை. சிறு நிறுவனங்கள் தமக்கென்று ஒரு மொழியை உருவாக்கவில்லை. சந்தையில் கிடைத்த சிப்புகளை வாங்கிப் பொருத்தின. சிப் எந்த நெறிமுறையைப் பேசியதோ, கருவியும் அதையே பேசியது.

ஜப்பானியக் கருவிகளில் மிகப் பரவலானது என்இசி நெறிமுறை. ஊர்தி அலை 38 கிலோஹெர்ட்ஸ். செய்தி 9 மில்லி விநாடி நீளமுள்ள ஒரு கொத்தோடு தொடங்குகிறது, பிறகு 4.5 மில்லி விநாடி இடைவெளி. அடுத்து வரும் 32 பிட்டுகளில் முதல் எட்டு முகவரி. அடுத்த எட்டு அதே முகவரி தலைகீழாக, அதாவது 0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0. கட்டளையும் இவ்வாறே நேராகவும் தலைகீழாகவும் இருமுறை வருகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் செய்தி சிதைந்திருக்கிறது என்று கருவி அதை ஒதுக்கிவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் முழுச் செய்தியும் திரும்ப வருவதில்லை. ‘இன்னும் அழுத்தியபடி இருக்கிறது’ என்பதைச் சொல்லும் குறுஞ்செய்தி மட்டும் 108 மில்லி விநாடிக்கு ஒருமுறை போகிறது. முகவரியைத் தலைகீழாக அனுப்பாமல் அந்த இடத்தையும் முகவரிக்கே பயன்படுத்திக்கொள்வது போன்ற மாறுபாடுகளுடன் பல ஜப்பானிய நிறுவனங்கள் இதைக் கையாண்டன. பயனியர் இதே அமைப்பை 40 கிலோஹெர்ட்ஸில் அனுப்பியது.

சோனியின் நெறிமுறை 40 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையில் இயங்குகிறது. இதில் கொத்தின் நீளமே பொருள் தருகிறது: 0.6 மில்லி விநாடி என்றால் 0, 1.2 மில்லி விநாடி என்றால் 1. 12 பிட் வடிவத்தில் கட்டளைக்கு ஏழும் கருவிக்கு ஐந்தும் ஒதுக்கப்பட்டுள்ளன. சோனி ரிமோட், பொத்தானை எவ்வளவு மெல்லத் தொட்டாலும் ஒரே செய்தியைப் பலமுறை அனுப்பும். கருவியும் செய்தி திரும்ப வருவதை எதிர்பார்க்கிறது. ஒருமுறை மட்டும் அனுப்பும் யுனிவர்சல் ரிமோட்டுக்குச் சோனி கருவி பதில் சொல்லாததற்குக் காரணம் இதுவே. டெனான் வேறொரு வழியைப் பின்பற்றியது: 15 பிட் செய்தியை ஒருமுறை நேராகவும், அடுத்த முறை ஒரு பகுதியைத் தலைகீழாக்கியும் அனுப்பியது. இரண்டும் சேர்ந்தால்தான் கட்டளை முழுமையாகும். டெக்னிக்ஸ் கருவிகளில் 48 பிட் நீளமுள்ள செய்தி ஏறத்தாழ 37 கிலோஹெர்ட்ஸில் செல்கிறது.

ஐரோப்பாவின் பொதுமொழி பிலிப்ஸின் ஆர்சி-5. மராண்ட்ஸின் வட அமெரிக்காவுக்கு வெளியிலான வணிகத்தை 1980இல் பிலிப்ஸ் வாங்கியதால் மராண்ட்ஸ் சிடி பிளேயர்களும் ஆர்சி-5 பேசின. பிலிப்ஸின் சிடி தொழில்நுட்பத்தைச் சார்ந்து வளர்ந்த மெரிடியன், ஆர்க்கம், நைம் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்களும் இதையே ஏற்றன. பழைய உயர்தரச் சிடி பிளேயர் வைத்திருப்பவர்கள் அதிகம் சந்திக்கும் நெறிமுறை இதுவென்பதால் இதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது.

‘பிளே’ பொத்தானின் உள்ளே

ஆர்சி-5 செய்தி 14 பிட் கொண்டது. ஊர்தி அலை 36 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு பிட்டும் 1.778 மில்லி விநாடி நீள்கிறது. இது ஊர்தி அலையின் 64 துடிப்புகளுக்குச் சமம். எல்லாப் பிட்டுகளும் ஒரே நீளம். பிட்டின் முதல் பாதி இருளாகவும் இரண்டாம் பாதி ஒளியாகவும் இருந்தால் அது 1. முதல் பாதி ஒளியாகவும் இரண்டாம் பாதி இருளாகவும் இருந்தால் 0. ஒளிரும் பாதியில் எல்இடி 32 முறை துடிக்கிறது.

முதல் இரண்டு பிட்டுகள் தொடக்க அறிவிப்பு. மூன்றாவது மாறும் பிட். அடுத்த ஐந்து முகவரி. கடைசி ஆறு கட்டளை. பிலிப்ஸ் ஒவ்வொரு வகைக் கருவிக்கும் ஒரு முகவரி எண் ஒதுக்கியது: தொலைக்காட்சிக்கு 0, ஆம்ப்ளிஃபயருக்கு 16, டியூனருக்கு 17, கேசட் டெக்குக்கு 18, சிடி பிளேயருக்கு 20. கட்டளைகளிலும் ஒழுங்கு உண்டு. 0 முதல் 9 வரை எண் பொத்தான்கள். 16 ஒலியைக் கூட்டுவது, 17 குறைப்பது. 53 பிளே, 54 ஸ்டாப்.

சிடி பிளேயரின் ‘பிளே’ பொத்தானை அழுத்தினால் முகவரி 20, கட்டளை 53 செல்ல வேண்டும். இரும எண்முறையில் 20 என்பது 10100. 53 என்பது 110101. தொடக்கப் பிட்டுகளையும், மாறும் பிட்டை 0 என்றும் கொண்டால், முழுச் செய்தி 11 0 10100 110101. இந்தப் பதினான்கு பிட்டுகளும் 25 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்கின்றன. பொத்தானை விடாமல் பிடித்திருந்தால் ஏறத்தாழ 114 மில்லி விநாடிக்கு ஒருமுறை அதே செய்தி திரும்பத் திரும்பச் செல்கிறது. சிடி பிளேயர், ஆம்ப்ளிஃபயர், டியூனர் மூன்றும் ஒரே அலமாரியில் இருந்தாலும் ஒன்றுக்கான கட்டளையை மற்றொன்று எடுத்துக்கொள்ளாமல் இருப்பது முகவரியால்தான். அதே வசதியின் மறுபக்கமாக, ஒரே அறையில் இரண்டு நிறுவனங்களின் ஆர்சி-5 சிடி பிளேயர்கள் இருந்தால் ஒரே பொத்தானுக்கு இரண்டும் ஓடத் தொடங்கலாம்.

நிரலாக்கும் மூன்று வழிகள்

முதல் வழி குறியீட்டு எண். யுனிவர்சல் ரிமோட்டின் நினைவகத்தில் பல நிறுவனங்களுக்கான முகவரிகளும் கட்டளைகளும் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும். கையேட்டிலுள்ள மூன்று அல்லது நான்கு இலக்க எண்ணை அழுத்தினால் ரிமோட் அந்தத் தொகுப்புக்கு மாறும். இது எளிது, ஆனால் பட்டியல்கள் தொலைக்காட்சிகளையும் அண்மைக்காலக் கருவிகளையும் மனத்தில் வைத்துத் தொகுக்கப்பட்டவை. சிறு ஆடியோ நிறுவனங்களின் பெயர் பட்டியலில் இருப்பது அரிது. இங்கேதான் நெறிமுறை அறிவு கைகொடுக்கிறது. ஆர்க்கம் சிடி பிளேயருக்கான எண் இல்லாவிட்டால் பிலிப்ஸ் அல்லது மராண்ட்ஸ் சிடி பிளேயருக்கான எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். மூன்றும் ஒரே மொழி, ஒரே முகவரி என்பதால் அடிப்படைப் பொத்தான்கள் பெரும்பாலும் வேலை செய்யும். நிறுவனம் மாறினாலும் சிப் மாறவில்லை என்பதே இதன் அடிப்படை.

இரண்டாம் வழி கற்பித்தல். அசல் ரிமோட் இன்னும் உயிரோடு இருந்தால், அதன் ஒளியை யுனிவர்சல் ரிமோட்டே படித்து நினைவில் வைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனத்தின் இணை நிறுவனர் ஸ்டீவ் வாஸ்னியாக், அங்கிருந்து விலகித் தொடங்கிய சிஎல்-9 நிறுவனம் 1987இல் வெளியிட்ட ‘கோர்’ இவ்வகை ரிமோட்டுகளின் முன்னோடிகளில் ஒன்று. இரண்டு ரிமோட்டுகளின் நுனிகளையும் ஒன்றை ஒன்று பார்க்கும்படி மேசையில் வைத்து, சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, ஒவ்வொரு பொத்தானாகக் கற்பிக்க வேண்டும். நேர் வெயிலும் குழல் விளக்கும் இல்லாத இடம் நல்லது. இரண்டிலும் புதிய பேட்டரி இருக்க வேண்டும். அசல் ரிமோட்டின் பொத்தானை நீண்ட நேரம் பிடித்திருந்தால் சில யுனிவர்சல் ரிமோட்டுகள் திரும்ப வரும் செய்திகளையும் சேர்த்தே பதிந்துகொள்ளும். பிறகு ஒலியை ஒரு படி கூட்ட நினைத்தால் ஐந்தாறு படி ஏறிவிடும். குறிப்பாக, மோட்டார் வைத்துச் சுழலும் ஒலிக்குமிழ் கொண்ட பழைய ஆம்ப்ளிஃபயரில் இது ஸ்பீக்கருக்கே ஆபத்து. ஒலிப் பொத்தானைச் சுருக்கமாகத் தொட்டுக் கற்பித்து, முதல் சோதனையை மிகக் குறைந்த ஒலியில் செய்வது முறை.

கற்கும் ரிமோட்டுகள் எல்லாம் ஒரே தரமல்ல. மலிவானவை செய்தியின் வடிவத்தை மட்டும் பதிந்துகொண்டு, ஊர்தி அலையை எப்போதும் 38 கிலோஹெர்ட்ஸ் என்றே வைத்துக்கொள்கின்றன. 36 கிலோஹெர்ட்ஸை எதிர்பார்க்கும் ஆர்சி-5 கருவியும் 40 கிலோஹெர்ட்ஸை எதிர்பார்க்கும் சோனி கருவியும் அதை ஓரளவு ஏற்கும். ஆனால் ஏற்பியின் வடிகட்டி, விலகிய அதிர்வெண்ணைப் பலவீனமாக்கிவிடும். அருகில் நின்றால் வேலை செய்து, சோபாவில் உட்கார்ந்தால் வேலை செய்யாத ரிமோட்டின் மர்மம் பல நேரங்களில் இதுதான். நல்ல கற்கும் ரிமோட் ஊர்தி அலையையும் அளந்து அதையே திருப்பி அனுப்பும்.

மூன்றாம் வழி கணினி. அசல் ரிமோட் இல்லை, பட்டியலிலும் எண் இல்லை என்றாலும் இந்த வழி திறந்திருக்கிறது. 1990களின் இறுதியில் வந்த பிலிப்ஸின் புரோண்டோ தொடுதிரை ரிமோட், அகச்சிவப்புச் செய்திகளைப் பதினாறடி (ஹெக்ஸாடெசிமல்) எண்களின் வரிசையாக எழுதும் முறையைப் பரப்பியது. 2010இல் புரோண்டோ நிறுத்தப்பட்டது. அதன் எழுத்துமுறை மட்டும் இன்றுவரை ஆடியோ நிறுவனங்களின் ஆவணங்களில் தொடர்கிறது. ஒவ்வொரு சொல்லும் நான்கு இலக்கம். கற்றுப் பதிந்த செய்தி 0000 என்று தொடங்கும். இரண்டாம் சொல் ஊர்தி அலையைச் சொல்கிறது: 0073 என்றால் 36 கிலோஹெர்ட்ஸ். பின்வரும் எண்களில் பெரும்பாலானவை ஒளியும் இருளும் எத்தனை துடிப்புகள் நீள்கின்றன என்பவை. ஆர்சி-5இல் இவை 0020 அல்லது 0040 என்றே அமையும். பதினாறடி முறையில் அவை 32, 64. அரைப் பிட்டும் முழுப் பிட்டும் இந்த அளவுதான் என்பது மேலே கண்ட கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

யுனிவர்சல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பல ரிமோட்டுகளில் பேட்டரி அறைக்குள் ஆறு ஊசிகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். சர்க்யூட் பலகையில் அதன் அருகே அச்சிடப்பட்டிருந்த ‘ஜேபி1’ என்ற குறியே அதற்குப் பெயராகிவிட்டது. தொழிற்சாலைக்கென்று வைக்கப்பட்ட இந்த வாசலை ஆர்வலர்கள் பயன்படுத்திக்கொண்டு, ரிமோட்டின் நினைவகத்தைக் கணினியில் படித்து, விரும்பிய நெறிமுறையையும் முகவரியையும் கட்டளைகளையும் எழுதி, திரும்பவும் ஏற்றும் மென்பொருள்களை உருவாக்கினார்கள். இதனால் சாதாரண விலையில் கிடைக்கும் ரிமோட்டை எந்தப் பழைய கருவிக்கும் பொருத்த முடிகிறது. ரிமோட்டே வேண்டாம் என்பவர்கள், ஆர்டுயினோ அல்லது இஎஸ்பி32 பலகையில் ஓர் அகச்சிவப்பு எல்இடியையும் ஒரு டிரான்சிஸ்டரையும் இணைத்து அதே செய்தியை அனுப்புகிறார்கள். கென் ஷிர்ரிஃப் 2009இல் ஆர்டுயினோவுக்காக எழுதிய ஐஆர்ரிமோட் நிரலகம் இந்த வேலையைப் பல மடங்கு எளிதாக்கியது.

மாறும் பிட் தரும் சிக்கல்

ஆர்சி-5 கருவிக்குக் கற்பித்த ரிமோட்டில் ஒரு விசித்திரம் தென்படும். பிளே, ஸ்டாப் எல்லாம் சரியாக இருக்கும். 11-ஆம் பாடலைக் கேட்க 1-ஐ இருமுறை அழுத்தினால் முதல் பாடலே ஓடும். 12-ஐ அழுத்தினால் 12 சரியாக வரும். பழுது கருவியில் இல்லை. மூன்றாம் பிட்டில் இருக்கிறது.

அசல் ரிமோட்டில் பொத்தானைப் புதிதாக அழுத்தும் ஒவ்வொரு முறையும் மாறும் பிட் 0-விலிருந்து 1-க்கும், 1-லிருந்து 0-வுக்கும் மாறுகிறது. பிடித்தே இருந்தால் மாறாது. கருவி இதைக் கொண்டுதான் ‘ஒரே அழுத்தல் நீள்கிறதா, இரண்டாவது அழுத்தலா’ என்று முடிவு செய்கிறது. கற்கும் ரிமோட்டோ தான் பார்த்த நொடியில் அந்தப் பிட் எப்படி இருந்ததோ அப்படியே உறையவைத்துவிடுகிறது. இரண்டாம் 1 வரும்போது, முதல் 1 இன்னும் அழுத்தப்பட்டிருக்கிறது என்றே பிளேயர் எண்ணுகிறது. 12-இல் கட்டளை எண்ணே வேறு என்பதால் அங்கே குழப்பமில்லை. ஒலியைக் கூட்டுவதிலும் இது தெரியாது. தொடர்ந்து கூட்டுவதாக எடுத்துக்கொண்டாலும் பலன் ஒன்றுதான்.

இதற்குச் சரியான தீர்வு, செய்தியைப் படம்பிடித்துத் திருப்பி அனுப்பாமல், ரிமோட்டே அதை உருவாக்குவது. குறியீட்டு எண் வழியிலோ ஜேபி1 வழியிலோ நிரலாக்கிய ரிமோட் ஆர்சி-5 விதிகளை அறியும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிட்டைத் தானே மாற்றும். புரோண்டோ எழுத்துமுறையிலும் இதற்கென்று தனி வடிவம் உண்டு. 5000 0000 0000 0001 0014 0035 என்ற வரிசையில் 5000 என்பது ஆர்சி-5ஐக் குறிக்கிறது. 0014 பதினாறடி முறையில் 20, அதாவது சிடி பிளேயர். 0035 என்பது 53, அதாவது பிளே. இப்படி முகவரியையும் கட்டளையையும் மட்டும் கொடுத்தால் மற்றதை ரிமோட் பார்த்துக்கொள்ளும். கற்பித்தல் தவிர வேறு வழியில்லாத ரிமோட்டில், 1 என்ற பொத்தானை இரண்டு இடங்களில் கற்பிக்கலாம்: ஒன்று மாறும் பிட் 0 ஆக இருக்கும்போது, மற்றொன்று 1 ஆக இருக்கும்போது. அசல் ரிமோட்டில் இடையே வேறெதையும் அழுத்தாமல், அடுத்தடுத்த இரண்டு அழுத்தல்களில் கற்பித்தால் இரண்டும் மாறி அமையும்.

தனிவழி சென்ற டேனிஷ் கருவிகள்

டென்மார்க்கின் ஸ்ட்ரூயர் நகரைச் சேர்ந்த பேங் அண்ட் ஓலுஃப்சன் நிறுவனத்தின் கருவிகளைச் சாதாரண யுனிவர்சல் ரிமோட்டால் இயக்க முடியாது. அவற்றின் ஊர்தி அலை 455 கிலோஹெர்ட்ஸ்; மற்றவர்கள் பயன்படுத்துவதைப் போலப் பன்னிரண்டு மடங்கு. இந்தப் பன்னிரண்டு தற்செயலல்ல. சாதாரண ரிமோட்டுகள் பலவற்றின் உள்ளேயும் 455 கிலோஹெர்ட்ஸில் அதிரும் பீங்கான் ஒத்ததிர்வியே இருக்கிறது. சிப் அதைப் பன்னிரண்டால் வகுத்து 38 கிலோஹெர்ட்ஸ் ஆக்குகிறது. ஆர்சி-5 சிப்புகள் இதேபோல 432-ஐ வகுத்து 36 பெறுகின்றன. டேனிஷ் நிறுவனம் வகுக்காத அதிர்வெண்ணையே ஒளியில் ஏற்றிவிட்டது.

38 கிலோஹெர்ட்ஸுக்கான ஏற்பி 455-ஐக் காண்பதே இல்லை. அதனால் சாதாரணக் கற்கும் ரிமோட் பொத்தானை எத்தனை முறை அழுத்திக் காட்டினாலும் எதையும் பதிவு செய்யாது. 455 கிலோஹெர்ட்ஸைக் கையாளும் வசதி இருப்பதாக வெளிப்படையாகக் குறிப்பிடும் ரிமோட்டையே தேட வேண்டும். இல்லையெனில் பியோலிங்க் 1000, பியோ4 போன்ற அந்நிறுவனத்தின் ரிமோட்டுகளையே பழுதுபார்த்துப் பயன்படுத்த வேண்டும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்டுயினோ பலகை தன் கடிகாரத்தை 35ஆல் வகுத்தால் 457 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும் என்பதால் சொந்தமாகச் செய்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இந்நிறுவனத்தின் பழைய தொகுப்புகளில் எல்லாக் கருவிகளுக்கும் தனித்தனிக் கண், அதாவது ஏற்பி, கிடையாது. பியோமாஸ்டர் என்ற ரிசீவர் கட்டளையை வாங்கி, பின்புறக் கேபிள் வழியாகச் சிடி பிளேயருக்கும் கேசட் டெக்குக்கும் கடத்தும். அந்தக் கேபிள் இணைக்கப்படாமல் ரிமோட்டைக் குறை சொல்வதில் பயனில்லை.

மறைந்திருக்கும் கட்டளைகளும் தொடர் கட்டளைகளும்

அசல் ரிமோட்டில் இல்லாத கட்டளைகளையும் கருவி புரிந்துகொள்வதுண்டு. ரிமோட்டில் ஒரே பவர் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அணைந்திருந்தால் எரியும், எரிந்தால் அணையும். ஒரே பொத்தானில் பல கருவிகளை ஓடவைக்க நினைப்பவருக்கு இது தொல்லை: ஏற்கெனவே எரியும் கருவி அணைந்துவிடும். ‘எரி’ என்பதற்கும் ‘அணை’ என்பதற்கும் தனித்தனிக் கட்டளைகளைக் கருவி ஏற்குமானால் இந்தச் சிக்கல் இல்லை. உள்ளீடுகளைச் சுழற்சியாக மாற்றுவதற்குப் பதிலாக நேரே சிடிக்கோ ஃபோனோவுக்கோ செல்லும் கட்டளையும் அப்படித்தான். ஆர்சி-5இல் கட்டளைக்கு ஆறு பிட் மட்டுமே. எனவே ஒரு முகவரியில் சாத்தியமானவை 64. கணினி வழியாக அத்தனையையும் ஒவ்வொன்றாக அனுப்பி, கருவி என்ன செய்கிறது என்று குறித்துவைக்கலாம். சில எண்கள் பழுதுபார்ப்போருக்கான சோதனை நிலையைத் திறக்கக்கூடும் என்பதால் இதை ஸ்பீக்கர்களைத் துண்டித்துவிட்டுச் செய்ய வேண்டும். சோதனை நிலைக்குள் போனால் எதையும் மாற்றாமல் வெளியேற வேண்டும்.

ஒரு பொத்தானில் பல கட்டளைகளை வரிசையாக அனுப்புவதற்கு மேக்ரோ என்று பெயர். உயர்தரத் தொகுப்பில் அந்த வரிசைக்கு ஒரு விதி உண்டு. முதலில் சிடி பிளேயர், அடுத்து பிரீ-ஆம்ப், கடைசியில் பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். முன்னிருக்கும் கருவிகள் எரியும்போதும் அணையும்போதும் எழும் மின்னதிர்வு பெருக்கப்பட்டு ஸ்பீக்கரைத் தாக்காமல் இருக்கவே இந்த வரிசை. கட்டளைகளுக்கு இடையே போதிய இடைவெளியும் வேண்டும். பழைய நுண்செயலிகள் மெதுவானவை. எரிந்தவுடன் தம்மைத் தயார்செய்துகொள்ளும் நேரத்தில் வரும் கட்டளையைத் தவறவிடும். வெற்றிடக் குழாய் பிரீ-ஆம்ப்கள் சூடாகும்வரை ஒலியைத் தடுத்தே வைத்திருக்கும்.

வேலை செய்யாதபோது

ரிமோட் பதில் தராவிட்டால் முதலில் கேட்க வேண்டியது, ஒளி வருகிறதா என்பது. கைப்பேசிக் கேமராவை நோக்கிப் பொத்தானை அழுத்தினால், திரையில் எல்இடி ஊதா கலந்த வெண்மையில் மின்னும். சில கைப்பேசிகளின் பின்புறக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும். அப்போது முன்புறக் கேமராவில் பார்க்கலாம். எந்தப் பொத்தானுக்கும் ஒளி இல்லை என்றால் பேட்டரித் தகட்டிலோ ஒத்ததிர்வியிலோ பழுது. சில பொத்தான்களுக்கு மட்டும் இல்லை என்றால் கரிப்பூச்சு தேய்ந்திருக்கிறது; ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பதும், தேவையானால் மின்கடத்தும் பூச்சு பூசுவதும் அசல் ரிமோட்டைக் கற்பிப்பதற்குப் போதுமான காலம் உயிர்ப்பித்துவிடும். கேமரா ஒளியை மட்டுமே காட்டும். அதிர்வெண் சரியா, செய்தி சரியா என்பதைக் காட்டாது. ஒத்ததிர்வி பழுதாகி அதிர்வெண் விலகிய ரிமோட்டும் கேமராவில் நன்றாகவே மின்னும்.

ஒளி நன்றாக இருந்தும் கருவி கேட்கவில்லை என்றால் கருவியின் கண்ணைப் பார்க்க வேண்டும். பழைய ஏற்பிகளில் உள்ள மின்தேக்கிகள் வற்றும்போது எட்டும் தொலைவு ஆண்டுக்கு ஆண்டு குறையும். மூன்று கால் கொண்ட புதிய ஏற்பியை அந்த இடத்தில் பொருத்த முடியும். கால்களின் வரிசை ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும் என்பதாலும், அதிர்வெண் பொருந்த வேண்டும் என்பதாலும், சர்க்யூட் வரைபடத்தைப் பார்த்தே செய்ய வேண்டும். மின்னணு பேலஸ்ட் கொண்ட சில குழல் விளக்குகளின் ஒளித்துடிப்பும் ரிமோட்டுக்கு இடையூறு செய்யும். விளக்கை அணைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.

கண் முற்றிலும் கெட்டுவிட்ட கருவிகளுக்கும், மூடிய அலமாரிக்குள் இருக்கும் கருவிகளுக்கும் பின்புற இணைப்பு உதவும். மராண்ட்ஸ், பிலிப்ஸ் கருவிகளில் ரிமோட் செய்தியை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் துளைகள் இருந்தன. சில நிறுவனங்களின் துளை ஊர்தி அலையோடு கூடிய செய்தியை எதிர்பார்க்கும். சிலவற்றுக்கு ஊர்தி அலை நீக்கிய வெறும் செய்தி வேண்டும். இரண்டையும் மாற்றி இணைத்தால் எதுவும் நடக்காது. 1970களின் ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை போல, ரிமோட் வசதியே இல்லாமல் பிறந்த கருவிகளை எந்த நிரலாலும் இயக்க முடியாது. அவற்றுக்கு முன்னால் ரிமோட்டால் ஒலியைக் கட்டுப்படுத்தும் ஒரு பிரீ-ஆம்ப்பை வைப்பதோ, உள்ளே மோட்டார் பொருத்திய ஒலிக்குமிழைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் மாற்றிக்கொள்வதோதான் வழி.

குறியீடுகளைக் காப்பது

ஒரு கருவிக்கான நான்கு விவரங்களும் கிடைத்தபின் அவற்றை ரிமோட்டின் நினைவகத்தில் மட்டும் விட்டுவைப்பது போதாது. கற்பித்த செய்திகளைப் பேட்டரி மாற்றும்போது மறந்துவிடும் ரிமோட்டுகள் உண்டு. குறியீடுகளை நிறுவனத்தின் சர்வரில் வைத்திருந்த ரிமோட்டுகளின் நிலையும் உறுதியானதல்ல: மிகப் பரவலாகப் பயன்பட்ட ஹார்மனி வரிசையின் தயாரிப்பை லாஜிடெக் 2021 ஏப்ரலில் நிறுத்தியது. ஆகவே ஊர்தி அலை, நெறிமுறை, முகவரி, ஒவ்வொரு பொத்தானின் கட்டளை எண் ஆகியவற்றை ஒரு தாளில் அட்டவணையாக எழுதிக் கருவியின் கையேட்டோடு வைப்பதும், புரோண்டோ வடிவத்தில் ஒரு கோப்பாகச் சேமிப்பதும் அவசியம். அசல் ரிமோட் இன்னும் வேலை செய்யும் கருவிகளுக்கு இதை இப்போதே செய்துவிடலாம். மலிவான ஏற்பியும் ஓர் ஆர்டுயினோ பலகையும் இருந்தால் ஒரு மாலைப் பொழுதுக்குள் எல்லாப் பொத்தான்களையும் படித்து எழுதிவிட முடியும். ஆர்சி-5 கருவி ஒன்றுக்கு அந்த அட்டவணை அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. கருவி அடுத்தவர் கைக்குப் போகும்போது அந்தத் தாளும் உடன் போனால், எந்த ரிமோட்டைக் கொண்டும் அதை முழுமையாக இயக்க முடியும்.